கடைசி வீட்டுக்கும் ஒளி: ஊர்ப்புறத்துக்கு ஒளியிழை இணையம் சென்ற வரலாறு

பாடத்தின் நோக்கம்

வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு இன்று குடிநீர், மின்சாரம் ஆகியவற்றோடு ஒருங்கே எண்ணப்படும் தேவையாகிவிட்டது. மருத்துவரைப் பார்க்க நேரம் பெறுதல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், அரச உதவித்தொகைக்கான விண்ணப்பம், தாயகத்திலுள்ள பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசுதல் ஆகிய யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. பிரித்தானியாவில் தமிழர்களுள் பெரும்பாலோர் நகரங்களிலேயே வாழ்கின்றனர். எனினும், சிற்றூர்களில் பலசரக்குக் கடையோ எரிபொருள் நிலையமோ நடத்தும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. அவர்களுக்கு இணையம் தடைப்படும்போது வங்கி அட்டை இயந்திரமும் தடைப்படுகிறது. அன்றைய வணிகம் பாதியாகிறது.

நகரத்துத் தெருக்களுக்கு விரைந்து வந்த அதிவேக இணையம் ஊர்ப்புறத்துக்கு ஏன் பிந்தியது? அதனைக் கொண்டுவர இயலாது என்று கூறப்பட்ட ஒரு பள்ளத்தாக்கின் மக்கள் அதனை எவ்வாறு கொண்டுவந்தனர்? அதனால் தீராத குறை யாது? இம்மூன்று வினாக்களையும் இப்பாடம் ஆராய்கிறது. இறுதியில், குடியிருப்பாளர் இன்று பயன்படுத்தக்கூடிய வழிகள் தொகுத்துத் தரப்பட்டுள்ளன.

ஒளியிழை என்பது யாது?

பழைய தொலைபேசி இணைப்பு செப்புக் கம்பியால் ஆனது. அக்கம்பியில் மின்குறிகை செல்கிறது. தூரம் கூடக்கூட மின்குறிகை நலிவடையும். தெருவோரத்திலுள்ள இணைப்புப் பெட்டிவரை ஒளியிழையும், அங்கிருந்து வீடுவரை செப்புக் கம்பியும் செல்லும் கலப்பு முறையில், பெட்டிக்கு அருகிலுள்ள வீட்டுக்கு வினாடிக்கு 80 மெகாபிட் வரை வேகம் கிடைக்கலாம். ஓரிரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பண்ணைவீட்டுக்கோ அதில் ஒரு சிறு பகுதியே எஞ்சும். இருவரும் ஒரே கட்டணத்தைச் செலுத்தினும் இருவருக்கும் கிடைப்பது ஒன்றன்று.

ஒளியிழை என்பது மிகத் தூய கண்ணாடியால் ஆன, தலைமயிர் அளவே தடிப்புள்ள இழையாகும். அதன் புறத்தடிப்பு ஏறத்தாழ 125 மைக்ரோமீட்டர். ஒளி செல்லும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் மாத்திரமே. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. செய்தி யாவும் ஒளித்துடிப்புகளாக மாற்றப்பட்டு இவ்விழையினூடாக அனுப்பப்படுகின்றன.

இவ்வறிவியலின் தொடக்கம் இங்கிலாந்திலேயே அமைந்தது. எசெக்ஸ் மாவட்டத்தின் ஹார்லோ நகரிலிருந்த ஆய்வுகூடம் ஒன்றில் பணியாற்றியவர் சார்ல்ஸ் காவ். சாங்காயில் பிறந்து இந்நாட்டுக்குக் கல்வி கற்க வந்தவர். அவரும் அவருடைய சக ஆய்வாளர் ஜோர்ஜ் ஹொக்கமும் 1966-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். கண்ணாடியில் ஒளி நலிவதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதிற் கலந்துள்ள மாசுகளே என்பது அவர்கள் எய்திய முடிவு. ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னர் ஒளியின் நூற்றில் ஒரு பங்கு எஞ்சினாலும் தொலைத்தொடர்புக்கு அது போதும் என்று அவர்கள் கணித்தனர். 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தார் அவ்வளவு தூய இழையை உருவாக்கினர். இன்றைய இழைகளில் ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னரும் ஒளியின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு எஞ்சுகிறது. 2009-ஆம் ஆண்டில் காவ் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

ஆகவே, ஒளியிழைக்குத் தூரம் ஒரு பெருந்தடையன்று. பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பண்ணைவீட்டுக்கும் நகர நடுவிலுள்ள வீட்டுக்கும் ஒரே வேகத்தைத் தர அதனால் இயலும். அவ்வாறாயின், தடை எங்கே இருக்கிறது?

தாமதத்தின் காரணம்

தடை கண்ணாடியில் இல்லை, மண்ணில் இருக்கிறது. ஒளியிழை வலையமைப்பை அமைப்பதற்கான செலவில் பெரும்பகுதி நிலத்தை வெட்டிக் குழாய் பதிப்பதற்கே செல்கிறது. இழையின் விலை அதனோடு ஒப்பிடுகையில் சிறிது. அதிலும், தார்ச் சாலையை வெட்டி, போக்குவரத்தை மறித்து, மீண்டும் சாலையைச் செப்பனிடும் செலவு, புல்வெளியில் வெட்டும் செலவைப் போலப் பல மடங்கு ஆகும்.

ஓர் எளிய கணக்கால் இதனை விளங்கிக்கொள்ளலாம். நகரத் தெரு ஒன்றில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 100 வீடுகள் உள்ளன எனக் கொள்க. அங்கு ஒரு வீட்டின் பங்குக்கு வருவது 10 மீட்டர்ப் பள்ளமே. மலைச்சாரல் ஒன்றில் அதே ஒரு கிலோமீட்டருக்கு இரண்டே வீடுகள் உள்ளன எனக் கொள்க. அங்கு ஒரு வீட்டின் பங்குக்கு 500 மீட்டர் வருகிறது. மாதக் கட்டணம் இரு இடத்திலும் ஒன்றே. இலாபத்தை நோக்கி இயங்கும் நிறுவனம் முதலில் எங்கே செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது தடை இசைவு. குழாய் ஒருவரது நிலத்தினூடாகச் செல்ல வேண்டுமாயின் நில உரிமையாளரின் எழுத்துமூல இசைவு தேவை. நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் செலுத்துவது வழக்கம். பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் நீளலாம். ஒருவர் மறுத்தால் முழுப் பாதையும் சுற்றிச் செல்ல நேரும்.

எனவே, ஊர்ப்புறத்துக்கு ஒளியிழை செல்ல வேண்டுமாயின் இரண்டு செலவுகள் குறைய வேண்டும்: வெட்டும் செலவும் இசைவின் செலவும். இவ்விரண்டையும் குறைக்கும் ஆற்றல் வெளியிலிருந்து வரும் நிறுவனத்திடம் இல்லை. அவ்வூர் மக்களிடமே இருக்கிறது. இதனைச் செய்து காட்டிய ஊர்கள் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ளன.

லூன் பள்ளத்தாக்கின் முயற்சி

லங்காஷயர் மாவட்டத்தில் லங்காஸ்டர் நகருக்கு வடகிழக்கே லூன் ஆற்றின் பள்ளத்தாக்கு விரிந்துள்ளது. குவோர்மர், ஆர்க்கோம், ரே, வெனிங்டன் முதலிய சிற்றூர்கள் அங்குள்ளன. கல்வேலிகளால் பிரிக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்களும் தனித்தனியே நிற்கும் பண்ணைவீடுகளும் நிறைந்த நிலம் அது. செம்மறி ஆடுகளும் பசுக்களும் அங்குள்ளோரின் வாழ்வாதாரம். வீடுகள் தொலைவில் இருந்தமையால் செப்புக் கம்பி வழியே வந்த இணையம் மிக மெதுவானது. வேளாண் அமைச்சின் படிவங்களும் கால்நடைப் பதிவுகளும் இணையத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அம்மக்கள் பின்தங்கி நின்றனர்.

2011-ஆம் ஆண்டில் அவ்வூர்களைச் சேர்ந்தோர் ஒன்றுகூடி 'ஊரக வடபுலத்துக்கான அகன்ற அலைவரிசை' என்னும் பொருள்தரும் பெயரோடு ஒரு சங்கத்தை நிறுவினர். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் பி4ஆர்என். அதனைச் சேர்த்து வாசித்தால் 'பார்ன்' என ஒலிக்கும். களஞ்சியம் என்பது அச்சொல்லின் பொருள். வேளாண் மக்களுக்கு இது பொருத்தமான பெயரே. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் வலையமைப்புத் துறையில் அனுபவம் பெற்ற பரி ஃபோர்ட், பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ் கொண்டர் ஆகியோர் அம்முயற்சியின் முன்னோடிகளுள் அடங்குவர்.

அவர்கள் கைக்கொண்ட முறையை நான்கு படிகளாக நோக்கலாம்.

முதற்படி, இசைவு. குழாய் சாலையோரமாகச் செல்லாமல் வயல்களினூடாகச் செல்லும்படி பாதை வகுக்கப்பட்டது. நில உரிமையாளர்கள் கட்டணமின்றி இசைவு வழங்கினர். இசைவு கேட்டு வந்தவர் அயலவர். கேட்கப்பட்டவரின் வீட்டுக்கும் அதே குழாய் வழியாகவே இணைப்பு வரவிருந்தது. வெளியார் கேட்டிருப்பின் மாதக்கணக்கில் நீண்டிருக்கக்கூடிய பேச்சு, உணவு மேசையிலேயே முடிந்தது.

இரண்டாம் படி, முதல். சங்கம் சமூக நலச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் பங்குகளை ஊரவர் வாங்கினர். இவ்வகைச் சங்கத்தில் ஒருவர் எத்தனை பங்குகளை வைத்திருப்பினும் அவருக்கு ஒரே வாக்கே உண்டு. ஆதலால் பணம் படைத்த ஒருவர் சங்கத்தைத் தம் கைக்குள் கொண்டுவர இயலாது. சங்கத்தின் சொத்தும் சமூக நலனுக்கே உரியதாகும்.

மூன்றாம் படி, உழைப்பு. ஊரவர் தாமே மண்வெட்டியும் சிறு அகழ்வு இயந்திரமும் கொண்டு பள்ளம் வெட்டினர். உழவர்கள் தம் உழவு இயந்திரங்களைக் கொணர்ந்தனர். மென்மையான நிலத்தில், குழாயைப் பூமிக்குள் இழுத்துச் செல்லும் ஒருவகைக் கலப்பையும் பயன்பட்டது. கல்வேலிகளுக்கு அடியிலும் ஓடைகளைக் கடந்தும் குழாய் சென்றது. ஈழத்து ஊர்களில் பாதை திருத்தவும் குளம் தூர்வாரவும் மக்கள் கூடிச் செய்யும் சிரமதானத்தை அறிந்தோருக்கு இக்காட்சி புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வெட்டிய நீளம் கணக்கிடப்பட்டு, அதற்கான மதிப்பு உழைத்தவருக்குச் சங்கப் பங்குகளாக வழங்கப்பட்டது. பணமில்லாதவரும் உழைப்பால் பங்குதாரர் ஆகலாம் என்பது இதனால் உறுதியாயிற்று.

நான்காம் படி, நுட்பம். வெற்றுக் குழாய் பதிக்கப்பட்ட பின்னர், அழுத்தமூட்டிய காற்றின் துணையோடு இழை அதனுள் ஊதிச் செலுத்தப்படும். பின்னர் இழைகளின் முனைகள் மின்பொறியால் உருக்கி ஒட்டப்படும். இப்பணியையும் ஊரவர் பயின்று செய்தனர். தொழில்நுட்பம் அறியாதோர் தேநீரும் உணவும் சமைத்தனர், வரைபடம் வரைந்தனர், வீடுவீடாகச் சென்று விளக்கினர்.

2012-ஆம் ஆண்டில் முதல் வீடுகள் இணைக்கப்பட்டன. இணைப்புக் கட்டணம் 150 பவுண், மாதக் கட்டணம் 30 பவுண் என நிர்ணயிக்கப்பட்டது. கிடைத்த வேகமோ, பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டிலும் வினாடிக்கு 1 கிகாபிட். அதாவது 1,000 மெகாபிட். அக்காலத்தில் நாட்டின் பெருநகரங்களில் வாழ்ந்தோருள்ளும் பெரும்பாலோர்க்கு அவ்வேகம் கிடைத்திலது. பின்னர் இம்முயற்சி கம்பிரியா, யோக்ஷயர் பகுதிகளுக்கும் பரவியது. இன்று இணைப்புகளின் தொகை 10,000-ஐக் கடந்துள்ளது. பின்னாளில் அரசின் பற்றுச்சீட்டுத் திட்டமும் அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றது.

கடைசி வீட்டின் கேள்வி

இம்முயற்சியில் ஆழ்ந்து நோக்க வேண்டிய கோட்பாடு ஒன்று உண்டு. ஓர் ஊருக்குள் நுழைந்தால் அவ்வூரின் எல்லா வீடுகளையும் அடைவதே குறிக்கோளாகக் கொள்ளப்பட்டது. ஊரின் நடுவிலுள்ள வீட்டுக்கும் மலையுச்சியிலுள்ள வீட்டுக்கும் ஒரே கட்டணம்.

இக்கோட்பாடு எளிதானதன்று. ஊர் நடுவிலுள்ள இருபது வீடுகளை மாத்திரம் இணைத்து நின்றுவிட்டால் செலவு குறையும். வேலையும் விரைவில் முடியும். ஆனால் அவ்வாறு நின்றுவிட்டால், எஞ்சிய மூன்று வீடுகளுக்காக வேறெவரும் பின்னர் வரமாட்டார்கள். அம்மூன்று வீடுகளைத் தனியே இணைக்கும் செலவு எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகாது. இருபத்துமூன்று வீடுகளும் ஒன்றாக எண்ணப்படும்போதுதான் கணக்கு ஒத்துவருகிறது. அருகிலிருப்பவர் தமக்குக் கிடைத்த பின்னரும் தொலைவிலிருப்பவருக்காகப் பள்ளம் வெட்டச் செல்வதே இத்திட்டத்தின் உயிர்நாடி. தொலைவிலுள்ள உழவர் தம் நிலத்தினூடாகப் பாதை தந்திராவிடின் ஊர் நடுவுக்கும் குழாய் வந்திராது என்பதையும் மறத்தல் ஆகாது.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. ஓய்வு நேரமும் உடல்வலுவும் உள்ளோர் போதிய அளவில் இல்லாத ஊரில் பணி மெதுவாகும். முன்னின்று நடத்துவோர் சோர்ந்தால் திட்டமும் தளரும். பங்கு வாங்குவோரும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். சமூக நலச் சங்கத்தின் பங்கை ஏனைய நிறுவனப் பங்குகளைப் போலச் சந்தையில் இலாபத்துக்கு விற்க இயலாது. சங்கத்தின் நிதிநிலை இடந்தரும்போதே இட்ட பணத்தைத் திரும்பப் பெறலாம். வங்கி வைப்புக்குரிய காப்புறுதி அதற்கு இல்லை.

2015-ஆம் ஆண்டின் வெள்ளம் உணர்த்தியது

ஒளியிழையின் வலுவை அறிந்ததுபோல் அதன் குறையையும் அறிதல் வேண்டும். அதற்கான சான்றும் அதே லூன் ஆற்றங்கரையிலேயே கிடைக்கிறது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, டெஸ்மன்ட் எனப் பெயரிடப்பட்ட புயல்மழையால் லூன் ஆறு பெருக்கெடுத்தது. லங்காஸ்டர் நகரின் முதன்மை மின்நிலையத்துள் வெள்ளம் புகுந்தது. 60,000-க்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரத்தை இழந்தன. ஒரு நாளுக்கும் மேலாக நகரம் இருளில் மூழ்கியது. கைப்பேசிக் கோபுரங்கள் பலவும் செயலிழந்தன. வீடுகளிலுள்ள இணையக் கருவிகள் நின்றுபோயின. கம்பியில்லாக் கைபிடி கொண்ட வீட்டுத் தொலைபேசிகளும் மின்சாரமின்றி ஊமையாயின. இயங்கியவை, சுவரில் நேரடியாகச் செருகப்பட்ட பழைய கம்பித் தொலைபேசிகளும், மின்கலத்தில் இயங்கும் வானொலிப் பெட்டிகளுமே. உள்ளூர் வானொலி நிலையமொன்று தன் மின்பிறப்பாக்கியின் துணையால் செய்திகளை இடைவிடாது ஒலிபரப்பியது.

இதன் காரணம் எளிது. செப்புக் கம்பி, தொலைபேசி நிலையத்திலிருந்து ஒரு சிறிதளவு மின்சாரத்தையும் தன்னோடு கொண்டுவரும். கண்ணாடியோ மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஒளியிழை இணைப்பில் பேச வேண்டுமாயின் வீட்டில் மின்சாரம் இருத்தல் வேண்டும். பிரித்தானியாவின் பழைய செப்புக்கம்பித் தொலைபேசிச் சேவை 2027 ஜனவரி இறுதிக்குள் முற்றாக நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அதனால் இவ்விடயம் ஊர்ப்புறத்தார்க்கு மாத்திரமன்று, நகரத்தில் வாழும் முதியோர்க்கும் உரியதாகிறது. கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவியை வைத்திருக்கும் தாத்தா, பாட்டி உள்ள வீடுகளில் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குடியிருப்பாளருக்குரிய வழிகள்

தக்க இணையத்தைக் கேட்கும் உரிமை: 2020 மார்ச் மாதம் தொடக்கம், வினாடிக்கு 10 மெகாபிட் பதிவிறக்கமும் 1 மெகாபிட் பதிவேற்றமும் தரும் இணைப்பைக் கேட்டுப்பெறும் சட்ட உரிமை குடியிருப்பாளருக்கு உண்டு. ஹல் நகரப் பகுதியில் கேகொம் நிறுவனத்திடமும், இங்கிலாந்தின் ஏனைய பகுதிகளில் பிடி நிறுவனத்திடமும் விண்ணப்பிக்கலாம். அமைக்கும் செலவு 3,400 பவுணுக்கு மேற்படாவிடின் அதனைக் குடியிருப்பாளர் செலுத்த வேண்டியதில்லை. மேற்படின் மிகுதியைச் செலுத்த நேரும். இவ்வுரிமை வேகத்துக்குரியதே அன்றி ஒளியிழைக்குரியதன்று. கைப்பேசி அலைவரிசை வழியாகவும் அவ்வேகம் வழங்கப்படலாம்.

ஊரவர் கூடிப்பெறும் பற்றுச்சீட்டு: அரசின் கிகாபிட் பற்றுச்சீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள ஊர்ப்புற முகவரி ஒன்றுக்கு 4,500 பவுண் வரை அமைப்புச் செலவுக்கு உதவி வழங்கப்பட்டுள்ளது. பணம் குடியிருப்பாளரின் கைக்கு வராது. இணைப்பை வழங்கும் பதிவுபெற்ற நிறுவனத்துக்கே செல்லும். அயலவர் பலர் ஒருங்கு சேர்ந்தால் அவர்களுடைய பற்றுச்சீட்டுகளும் ஒருங்கு சேரும். வேறு அரச திட்டம் வரவிருக்கும் இடங்களில் இது கிடைக்காமற் போகலாம். எனவே முகவரியை முதலிற் சரிபார்த்தல் நன்று.

குறைந்த வருமானமுடையோருக்கான கட்டணம்: யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் முதலிய உதவித்தொகை பெறுவோருக்குப் பல நிறுவனங்கள் சலுகைக் கட்டணத் திட்டங்களை வைத்துள்ளன. கேட்டாலன்றி அவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகையால் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு கேட்டல் வேண்டும்.

மின்தடைக் காலப் பாதுகாப்பு: வீட்டுத் தொலைபேசியை மாத்திரமே நம்பியிருப்போருக்கும், கைப்பேசி அலைவரிசை கிடைக்காத வீட்டில் வாழ்வோருக்கும், மின்சாரம் தடைப்பட்டபின் குறைந்தது ஒரு மணிநேரமேனும் அவசர சேவையை அழைக்கக்கூடிய தீர்வை நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்பது தொடர்பாடல் ஒழுங்குமுறை ஆணையமான ஒஃப்கொமின் வழிகாட்டல். புதிய இணைப்புக்கு மாறுமுன் அவசர அழைப்புக் கருவி வீட்டில் உள்ளதை நிறுவனத்துக்கும், கருவியை வழங்கியோருக்கும் தெரிவிக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றை வீட்டில் வைத்திருத்தலும் பயன்தரும்.

தொகுப்புரை

ஒளியிழை தூரத்தை வென்ற நுட்பம். ஆயினும் அது தானாக நடந்து ஒரு வீட்டுக்குச் செல்வதில்லை. ஒருவர் தம் நிலத்தைத் திறந்துவிட வேண்டும். மற்றொருவர் பள்ளம் வெட்ட வேண்டும். வேறொருவர் பணத்தை இட்டுப் பொறுத்திருக்க வேண்டும். லூன் பள்ளத்தாக்கில் இவை மூன்றும் ஊரவருக்குள்ளேயே கிடைத்தமையால், சந்தை கைவிட்ட வீடுகளுக்கும் இணைப்பு வந்தது. தொலைவிலுள்ள வீட்டைக் கணக்கிலிருந்து நீக்காமல் தொடங்கியமையே அதனை இயலச் செய்தது. மின்தடை நேரத்தில் தனித்திருக்கும் முதியவரை எண்ணிப் பார்த்தலும் அதே கடமையின் தொடர்ச்சியாகும்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. செப்புக் கம்பிக்கும் ஒளியிழைக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளுள் இரண்டைக் கூறுக. அவற்றுள் எது ஒளியிழையின் வலு? எது அதன் குறை?

2. ஊர்ப்புறத்தில் ஒரு வீட்டை இணைக்கும் செலவு நகரத்தைவிடக் கூடுவதேன்? பாடத்திலுள்ள கணக்கைக் கொண்டு விளக்குக.

3. உழைப்புக்குப் பங்கு வழங்கும் முறை, சிரமதானத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? இரண்டின் நன்மைகளையும் ஒப்பிடுக.

4. ஓர் ஊரில் இருபது வீடுகளை மாத்திரம் இணைத்துவிட்டு மூன்று வீடுகளை விட்டுவிடுவதால் பின்னர் நேரும் விளைவு யாது?

5. தங்கள் வீட்டிலோ அயல்வீட்டிலோ வாழும் முதியவர் ஒருவர் மின்தடையின்போது உதவியை அழைப்பதற்கு இன்று என்ன வழி உள்ளது? 2027-க்குப் பின்னர் அது போதுமா? குடும்பத்தாருடன் கலந்து முடிவு செய்க.